ரோடு தாண்டிய எரிசேரி

மனிதன் எதைத் தின்கிறான், எதை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான் என்பதையெல்லாம் ஆராய்ந்து அவனைத் திருத்துவதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. தென்மண்டல நடத்தை மருத்துவ ஆய்வு மற்றும் செயல்முறை வளர்ச்சிச் சங்கம் என்று பெயர். பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர் நடுவில் ஒரு தடவை டீ குடிக்கப் போய்வந்தார். உறுப்பினர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கடலோர ஓட்டல் ஒன்றில் கூடி, ஜனங்கள் ஏன் இப்படித் தின்கிறார்கள் என்று மூன்று வேளையும் தின்றுகொண்டே வருத்தப்படுவார்கள். வருத்தத்துக்கு ஊறுகாய் மட்டும் ஏழு வகை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் சங்கம் வருத்தப்பட்டது போதும் என்று செயலில் இறங்கியது. செயலுக்கு ஓர் ஊர் வேண்டுமல்லவா? பாறசாலையிலிருந்து உள்ளே போகிற பஞ்சாயத்து ரோட்டில் எங்கள் ஊர் அகப்பட்டது. ரோட்டுக்குக் கிழக்கே உள்ள வீடுகள் மாற்றப் பிரிவு. அவர்களுக்கு வாரம்தோறும் உபதேசம், உப்பைக் குறை, அப்பளத்தை மற, நட, மூச்சு விடு. மேற்கே உள்ள வீடுகள் மாறாப் பிரிவு. அவர்களுக்கு ஒன்றும் சொல்லப்பட மாட்டாது. மூன்று வருஷம் கழித்து இரண்டு பக்கத்தாரின் ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, உபதேசம் உலகத்துக்கு நல்லது என்று சங்கம் நிரூபிக்கும்.

சங்கத் தலைவர் டாக்டர் சுந்தரதாஸ் ரோட்டின் நடுவே பந்தல் போட்டுப் பேசினார்.

"மேற்குப் பக்கத்துப் பெரியோர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தயவுசெய்து திருந்தாதீர்கள். கிழக்கே உள்ளவர்கள் திருந்துவது பெரிய காரியமில்லை. நீங்கள் திருந்தாமல் இருந்தால்தான் அவர்கள் திருந்தியது வெளியே தெரியும். உங்களில் ஒருவர் சுகமடைந்தாலும் அது எங்கள் இத்தனை வருட உழைப்புக்குச் செய்யும் துரோகம்."

எல்லாரும் கை தட்டினார்கள். சிவதாணு பிள்ளை மட்டும் எழுந்து நின்றார். வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் மகாராஜா காலத்தில் கணக்கெழுதியவர்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பவரிடம் யாரும் பொய் சொன்னதில்லை.

"சார், வீட்டுக்காரிக்கு இடைக்கிடைக்குத் தலச்சுற்று உண்டு. அத என்ன செய்ய?"

"ரொம்ப நல்லது. அப்படியே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

மேற்குப் பக்கத்தார் வலது கையை உயர்த்தி, இன்று எப்படி இருக்கிறோமோ அப்படியே இருப்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். சிவதாணு பிள்ளையின் கைதான் கடைசியாக இறங்கியது. அவர் வீட்டு நிலைப்படியில் 'மாறாப் பிரிவு, 41' என்று ஒரு தகரம் அடிக்கப்பட்டது. அதை அவர் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார்.

"திருந்தாதேன்னு சொல்லுகதுக்கு ஒரு சங்கமா?" என்று கேட்டாள் சொர்ணம்மாள். அவர் மனைவி.

"சயின்ஸாக்கும். ஒனக்கு மனசிலாவாது."

"எனக்க தலச்சுற்று சயின்ஸுக்கு என்னத்துக்கு?"

எப்படியும் சத்தியம் செய்தாயிற்று.

மாதம் ஒருமுறை அனகா வந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்தாள். பெருங்கடவிளைக்காரி, சங்கத்தின் கள அலுவலர். கிழக்குப் பக்கத்தில் பார்த்ததை உரக்கச் சொல்லுவாள். மேற்குப் பக்கத்தில் சொல்ல மாட்டாள். சொர்ணம்மாளின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு மீட்டரைப் பார்க்கும்போது அவள் முகம் மாறும். உடனே அதைச் சரிசெய்துகொண்டு முற்றத்துச் செம்பருத்தியைப் பார்ப்பாள்.

"எவ்வளவு உண்டு மோளே?" என்பார் பிள்ளை.

"சொல்லப் பாடில்ல சாரே. சொன்னா நீங்க பயப்படுவீங்க. பயந்தா உப்பக் கொறப்பீங்க. கொறச்சா மாற்றமாயிப் போவும்."

"டாக்டர்ட்ட ஒண்ணு காட்டலாமா?"

"டாக்டர்ட்ட போறதும் ஒரு நடத்தையாக்கும் சாரே. முன்னால போயிட்டிருந்தா போலாம். புதுசா போவதுக்கு அனுமதி வாங்கணும்."

பிள்ளை அனுமதி கேட்டார். கேட்டது பரிசீலனையில் இருக்கிறது என்று சங்கம் சொன்னது. அது பரிசீலனையிலேயே இருந்தது.

இதற்குள் ஊரில் வேறொரு சிக்கல். மேற்கே உள்ள ஒரு பெண்ணைக் கிழக்கே உள்ள பையனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேர் காரில் வந்து இறங்கி, கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிவைக்க முடியுமா என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டார்கள். முடியாதென்றால் மாப்பிள்ளை உப்பில்லாமலும் பெண் உப்போடும் தனித்தனியாகச் சமைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கல்யாணச் சாப்பாட்டில் கிழக்கு வாசல் பந்தி, மேற்கு வாசல் பந்தி என்று இரண்டு பந்தி போட்டார்கள். கிழக்குப் பந்திக்காரர்கள் மேற்குப் பந்தியின் இஞ்சிக்கறியைப் பார்த்த பார்வை யாருக்கும் மறக்காது. மேற்பார்வைக்கு வந்த சங்கத்தார் மேற்குப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள், கண்காணிப்புக்காக.

இத்தனையும் கண்காணித்த சங்கத்தின் கண்ணில் ஒரு தூக்குவாளி மட்டும் படவில்லை.

அது சொர்ணம்மாளுடைய எவர்சில்வர் தூக்கு. மூடியில் பேர் வெட்டியிருக்கும். நேர் எதிர்வீட்டில், அதாவது கிழக்குப் பக்கத்தில், சரோஜம் இருந்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்தத் தூக்கு ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. கறி வந்த பாத்திரத்தை வெறுமே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. இன்று தீயல் போனால் நாளை அவியல் வரும். ஆகவே ஒருதடவை புறப்பட்ட பாத்திரம் நிற்பதே இல்லை. யாராவது செத்தால்தான் நிற்கும், அதுவும் பதினாறு நாள்.

சங்கம் வந்த பிறகு சரோஜத்தின் கறியில் உப்புக் குறைந்தது.

"சேச்சி, பூசணிக்கா எரிசேரியாக்கும். உப்பு லேசாட்டுதான் உண்டு. அந்த அனகா வந்து உப்பு டப்பாவத் தராசுல நிறுத்திப் பாக்குதா, நான் என்ன செய்ய?" என்று சொல்லித் தூக்கை நீட்டினாள்.

"குடு மக்கா. வாய்க்கு ருசியில்லேன்னாலும் வயித்துக்குக் கொள்ளாம்" என்று வாங்கிக்கொண்டாள் சொர்ணம்மாள். பதிலுக்குத் தன் கைப்பக்குவத்தில் கல்லுப்புப் போட்ட கண்ணிமாங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும் கொடுத்தனுப்பினாள். சரோஜத்தின் புருஷன் சோமன் உப்புக்கு ஏங்கிக் கிடந்தவர். தூக்கு வரும் நேரம் பார்த்து முன்வாசலில் நிற்பார்.

சில மாதம் போயிற்று.

"கேட்டியளா, இப்பம் தலச்சுற்று இல்ல. கால் வீக்கமும் வத்திப்போச்சு" என்றாள் சொர்ணம்மாள், ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே. அனகாவும் மீட்டரைப் பார்த்துவிட்டுச் செம்பருத்தியைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். பிள்ளைக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்குக் கீழே ஒரு குறுகுறுப்பும் இருந்தது. கையை உயர்த்திச் சத்தியம் செய்தவரின் வீட்டில் மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

சங்கம் கலங்கிப்போனது. கிழக்கே சோமனுக்குப் பிரஷர் ஏறுகிறது. மேற்கே நாற்பத்தொன்றாம் வீட்டில் இறங்குகிறது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்து வாசகசாலையில் உட்கார்ந்தது. டாக்டர் சுந்தரதாஸ் நடுநாற்காலி.

"அம்மா, நீங்கள் சுகமடைந்து வருவதாக எங்களுக்குத் தகவல் கிடைத்திருக்கிறது. உண்மையா?"

"ஆமா" என்றாள் சொர்ணம்மாள், தலையைக் குனிந்துகொண்டு.

"என்ன செய்தீர்கள்?"

"ஒண்ணும் செய்யல்ல."

"ஒன்றும் செய்யாமல் எப்படிச் சுகமடைவீர்கள்? ஒன்றும் செய்யாமல் சுகமடையலாம் என்றால் நாங்கள் எதற்கு? எங்கள் கார் எதற்கு? இந்த நிலையை நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா?"

அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். குழு பிள்ளையைப் பார்த்தது. பிள்ளை அப்பாவை நினைத்தார், தாத்தாவை நினைத்தார். மூன்று நாற்காலிகளையும் பார்த்தார்.

"எதிர்வீட்டிலருந்து கறி வரும் சார். ஒரு தூக்குல."

டாக்டர் சுந்தரதாஸ் எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "இவரைப் போன்றவர்களால்தான் விஞ்ஞானம் இன்னும் உயிரோடு இருக்கிறது" என்றார். மற்ற இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டது போல இருந்தது. பாராட்டினால் அப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அனகா ரோட்டின் நடுவில் நின்று, சரோஜத்தின் கையிலிருந்து தூக்கை எரிசேரியோடு பிடுங்கினாள்.

"தூக்கையாவது தா, அது சேச்சிக்குள்ளதாக்கும்!" என்று சரோஜம் கத்தினாள்.

"இது தொண்டிப் பொருள், சாட்சிக்கு எடுத்துவைக்கணும்" என்றாள் அனகா. அவளுக்கும் முகம் சரியில்லை.

அன்று மத்தியானம் சொர்ணம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சாபம் விட்டாள். "எந்தப் பாவி காட்டிக்குடுத்தானோ, அவனுக்க நாக்குக்கு உப்பே தெரியாமப் போவட்டு."

பிள்ளை எதிரில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மடக்கு ரசத்தில் அவருக்கு உப்புத் தெரியவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் தெரியவில்லை. மோர்மிளகாயைக் கடித்தாலும் சக்கையாக இருந்தது. அவள் தினமும் இரண்டு வேளை, சோறு போடும்போதெல்லாம், அதே சாபத்தைத் தவறாமல் விட்டாள். யாராயிருக்கும் என்று அவரிடமே கேட்டாள். அனகாவாத்தான் இருக்கும் என்று அவர் முணுமுணுத்தார். அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்ட முதல் பொய் அது.

தலைச்சுற்று திரும்பி வந்தது. ஒருநாள் சொர்ணம்மாள் ரசத்தில் உப்பே போடாமல் இறக்கிவைத்தாள். அதைக் கண்டுபிடித்ததும் பிள்ளைதான். நாக்குக்குத் தெரியவில்லை, ஆனால் அவள் உப்புச் சாடியைத் திறக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்திருந்தார்.

"நாம கையத் தூக்கிச் சத்தியம் பண்ணியாச்சு சொர்ணம். ஏற்கனவே ஒருவாட்டி தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லி, வழக்கமான மரக்கரண்டியால் வழக்கமான அளவு உப்பைத் தன் கையாலேயே போட்டுக் கலக்கினார். அவள் அதை ஊற்றிச் சாப்பிட்டாள்.

கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், மழை விட்ட ஒரு காலையில், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். சரோஜம்தான் சத்தம் கேட்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். சோமன் ஆட்டோ பிடித்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வலது கை மட்டும் விளங்கவில்லை. இவ்வளவு பிரஷரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டார். மாறாமல் இருந்தோம் என்று சொல்ல பிள்ளைக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் சரோஜம் பகலெல்லாம் வந்து சொர்ணம்மாளைக் குளிப்பாட்டினாள், தலை சீவினாள். ஆனால் கறி மட்டும் கொண்டுவரவில்லை. தூக்கு இல்லாமல் எப்படிக் கொண்டுவருவாள்? வேறு பாத்திரத்தில் கொண்டுவந்தாலும் பிடித்துவைப்பார்கள் என்ற பயம். சொர்ணம்மாளின் நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது. இடது கையால் கஞ்சி குடிக்கும்போதும் அவள் அந்தப் பாவியைச் சபிக்க மறக்கவில்லை.

அந்த வருஷ மாநாட்டில் சிவதாணு பிள்ளைக்கு 'மாறாமைச் செம்மல்' விருது கொடுப்பதாகச் சங்கத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். பிள்ளை போவதென்று முடிவு செய்தார். விருதுக்காக அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முன்னால் செய்த தப்பை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முன்னால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அப்படிச் சொல்லிவிட்டால் நெஞ்சில் கிடக்கும் கல் இறங்கும் என்று நம்பினார்.

ஓட்டலில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டினார்கள். ஒரு கோடு கீழே போயிற்று, ஒரு கோடு மேலே போயிற்று.

"இந்தப் புள்ளியைக் கவனியுங்கள்" என்றார் டாக்டர் சுந்தரதாஸ், குச்சியால் தொட்டுக்காட்டி. "நாற்பத்தொன்றாம் வீடு. இடையில் சில மாதம் கீழே இறங்கி நம் எல்லாரையும் தலைகுனிய வைத்த புள்ளி. எங்கள் தலையீட்டுக்குப் பிறகு, அதோ பாருங்கள், எவ்வளவு கம்பீரமாக மேலே ஏறி நிற்கிறது!"

அரங்கம் எழுந்து கை தட்டியது. அந்தப் புள்ளி சொர்ணம்மாள் என்று பிள்ளைக்குப் புரிய சற்று நேரமாயிற்று. அவள் சரிந்து விழுந்ததைத்தான் அங்கே ஏறியது என்று சொல்கிறார்கள்.

கழுத்தில் பதக்கத்தை மாட்டி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஐயாமாரே" என்றார் பிள்ளை. "அந்தப் புள்ளி எனக்க வீட்டுக்காரியாக்கும். அவ சுகமாயிட்டு வந்தா. நான்தான் காட்டிக்குடுத்தேன். உப்பில்லாத ரசத்துல எனக்க இந்தக் கையால உப்பப் போட்டேன். இப்பம் அவளுக்கு வலது கை இல்ல. நான் தப்பு செய்திட்டேன். என்ன எதாவது சொல்லுங்க. திட்டுங்க."

முன்வரிசையில் ஒருவர் விம்மினார். பிறகு ஒருவர் கை தூக்கினார்.

"அற்புதம்! குற்றவுணர்வு! இதை அளக்க நம்மிடம் கேள்வித்தாள் தயாராக இருக்கிறது. மாறாப் பிரிவுக் கணவர்களின் குற்றவுணர்வு என்று தனி ஆய்வே நடத்தலாம்."

"நடத்துவோம்" என்றார் டாக்டர் சுந்தரதாஸ், முகம் மலர்ந்து. "பாதிப் பேரை மன்னித்துவிடுவோம். பாதிப் பேரை மன்னிக்காமல் விட்டுப்பார்ப்போம். மூன்று வருஷம். மிஸ்டர் சிவதாணு, உங்கள் வீடு ரோட்டுக்கு எந்தப் பக்கம்? மேற்கா? அப்படியானால் நீங்கள் மன்னிக்கப்படாத பிரிவு. வாழ்த்துக்கள்."

மறுபடியும் கை தட்டினார்கள். பிறகு சாப்பாட்டு மணி அடித்ததால் எல்லாரும் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள்.

வெளியே வரும் வழியில் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். மேஜைமேல் வெல்வெட் துணி விரித்து அதன்மேல் சொர்ணம்மாளின் தூக்கு. 'ஆய்வைக் கறைப்படுத்திய பாத்திரம்' என்று எழுதியிருந்தது. பிள்ளை அங்கும் இங்கும் பார்த்தார். எல்லாரும் ஊறுகாய்ப் பக்கம் இருந்தார்கள். தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். வாழ்க்கையில் அவர் திருடிய ஒரே பொருள், அவர் வீட்டுப் பொருள்.

பாறசாலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரோட்டில் இறங்கி மேற்கே திரும்பாமல் கிழக்கே போனார். சரோஜத்தின் வாசலில் நின்றபோதுதான் பாத்திரம் வெறுமனே இருப்பது உறைத்தது. வெறும் பாத்திரத்தை எப்படி நீட்டுவது? கழுத்தில் கிடந்த பதக்கத்தைக் கழற்றி உள்ளே போட்டு மூடி நீட்டினார்.

சரோஜம் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இது என்ன சாதனமாக்கும்? வேவிச்சா வேவுமா?"

"வேவாது" என்றார் பிள்ளை.

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் பதக்கத்தை எடுத்துத் துளசித்தறையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தூக்கைக் கழுவினாள். அடுப்படியிலிருந்து எரிசேரி கொண்டுவந்து ஊற்றினாள். "உங்களுக்கில்ல, கேட்டோ. சேச்சிக்காக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், 41 என்று தகரம் அடித்த வாசலுக்குள் அவர் நுழைந்தார்.

சொர்ணம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தூக்கைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது. அவர் சோற்றில் எரிசேரியைப் பிசைந்து ஒரு உருளை ஊட்டினார்.

"உப்பு உண்டா பாருங்க" என்றாள்.

அவர் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தார். "எனக்குத் தெரியல்ல சொர்ணம்." இனிமேலும் அடக்க முடியாது என்று தோன்றியது. "அண்ணைக்கு வாசகசாலையில... காட்டிக்குடுத்தது அனகா இல்ல. நானாக்கும்."

சொர்ணம்மாள் மெல்ல மென்று விழுங்கினாள்.

"பின்ன இத்தன நாளும் நான் யாரையாக்கும் திட்டினேன்னு நெனச்சிய?"

அவர் உருளையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாயப் பாத்துட்டு இருக்காண்டாம். ஊட்டுங்க" என்றாள் அவள். "அந்தத் தூக்க நாளைக்கு வெறுமே அனுப்பப் பிடாது. எனக்குக் கை இல்ல. நீங்கதான் கறி வைக்கணும்."

"எனக்குத் தெரியாதே."

"நான் சொல்லித் தாறேன். உப்பு மட்டும் நான் சொன்னாத்தான் போடணும்."

பிள்ளை தலையாட்டினார். மறுநாள் காலையில் அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டினார். உப்புச் சாடியை முக்காலிமேல் ஏறி உயரத்தில், தன் கைக்கு எட்டாத இடத்தில், வைத்திருந்தார்.